சும்மா இருக்க வைத்தவள்

பத்தொன்பது வருஷம் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் வாசலில் பெண்களைச் சோதனை போட்டவள் அவள். ஷிப்டு முடிந்து வருகிற ஒவ்வொருத்தியின் பையையும் பிரித்து, இடுப்பைத் தடவி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து, கடைசியில் "போ" என்று ஒரே எழுத்தில் அனுப்பிவைப்பாள். சோதனையக்கா என்று அங்கே பெயர் வைத்தார்கள். பிறகு ஒரு பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தபோது, பெயரும் கூடவே வந்துவிட்டது. அங்கே நடப்பதும் சோதனைதானே என்றார்கள்.

சந்தேகம் அவளுக்கு ரத்தத்தில் ஊறியது. பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பாள். சிரிக்காவிட்டால் நிறையவே கலந்திருக்கிறார் என்பாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவள் கணவர், "நீ கண்ணாடிய பாத்தாக்கூட, 'யாரு நீ, எங்க வந்த'ன்னு கேப்ப" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் அந்தச் சந்தேகத்தையே அவள் சந்தேகப்பட ஆரம்பித்த கதை ஒன்று உண்டு. தொழிற்சாலையில் அவளுடைய கடைசி இரண்டு வருஷங்களில் வாசலில் ஒரு விளக்கு வைத்தார்கள். வெளியே போகிறவள் பொத்தானை அமுக்க வேண்டும். பச்சை எரிந்தால் போகலாம், சிவப்பு எரிந்தால் சோதனை. யாருக்குச் சிவப்பு வரும் என்று விளக்குக்கே தெரியாது. "விளக்குக்கு என்ன தெரியும்? முகத்த பாத்தா எனக்குத் தெரியாதா?" என்று பொருமினாள். ஒரு மாதம் மனதுக்குள்ளேயே எண்ணி வந்தாள். விளக்கு ஏழு பேரைக் காட்டிக்கொடுத்திருந்தது. அதில் ஐந்து பேரை அவளாக இருந்தால் தொட்டிருக்கவே மாட்டாள். ஒருத்தி தினமும் அவளை நலம் விசாரிப்பவள். ஒருத்தி நிறைமாதக்காரி. அத்தனை வருஷமும் தான் பிடித்தது திருடினவர்களையா, தனக்குப் பிடிக்காத முகங்களையா என்ற கேள்வி அன்றைக்கு முள்ளாகத் தைத்தது. தொழிற்சாலை வேறு ஊருக்குப் போனபோது அவள் கூடப் போகவில்லை.

துறையில் சேர்ந்த முதல் வாரமே வம்பில் மாட்டிக்கொண்டாள். மாடி நடையில் ஒரு பெண் கை நிறையப் பேனாக்களோடு வந்து, எதிரே ஆள் வரும்போதெல்லாம் கொட்டிவிட்டுக் குனிந்து பொறுக்கினாள். சிலர் உதவினார்கள், சிலர் தாண்டிப் போனார்கள். நான்காவது தடவை கொட்டியதும் சோதனையக்கா போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"யாரும்மா நீ? என்ன கணக்கு போட்டுட்டு இருக்க?"

"அக்கா விடுங்க, நான் எம்.ஏ. படிக்கிறேன், இது எங்க ஆராய்ச்சி..."

"ஒரே எடத்துல நாலு தடவ விழுந்தா அது பேனா இல்ல, திட்டம். நட, ஆபீசுக்கு."

ஆபீசில் மேடம் இருந்தார். துறைத் தலைவர். ஐம்பத்தைந்து வயது, கத்தரித்த நரைமுடி, யார் எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேட்கிற பழக்கம். அவசரத்தில் இருக்கிறவன் அடுத்தவனுக்கு உதவுகிறானா என்று பார்க்கிற ஆய்வு அது. அன்றைய நாள் முழுக்கப் பாழ். ஆனாலும் மேடம் கோபப்படவில்லை.

"அந்தப் பொண்ணு ஏமாத்தலம்மா. முன்னாடியே சொன்னா எல்லாரும் நல்லவங்களா ஆயிடுவாங்க. முடிஞ்சதும் உண்மையச் சொல்லி, சம்மதம்னா மட்டும்தான் கணக்குல சேர்ப்போம்."

"யாருக்கு அவசரம், யாருக்கு இல்லன்னு எப்படி மேடம் பிரிக்கிறீங்க? மூஞ்சிய பாத்தா?"

"சீட்டு குலுக்கி. நாங்க தேர்ந்தெடுத்தா எங்க ஆசை உள்ள பூந்துடும்."

"சரி, சரி. விளக்கு மாதிரி" என்றாள் சோதனையக்கா. மேடத்துக்குப் புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை.

மூன்று வருஷத்தில் அவள் பாடப்புத்தகம் எதையும் திறக்காமல் இருபது ஆய்வுகளுக்குள் புகுந்து வந்தாள். எந்தத் தாள் எந்தக் குழுவுடையது என்று திருத்துகிறவருக்குத் தெரியக் கூடாது என்பதைத் தாள் கட்டிக் கற்றாள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு இல்லாவிட்டால் மருந்தால் தேறினானா, தானாகவே தேறினானா என்று சொல்ல முடியாது என்பதை ஒரு தலைவலி ஆய்வில் நாற்காலி போட்டுக் கற்றாள். அவளுடைய சந்தேகத்துக்கு மரியாதை கிடைத்த முதல் இடம் அதுதான். ஆனால் வேலை தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீட்டிப்பு. அந்த வருஷம் நிரந்தரமாக்கச் சொல்லி மேடம் ஒரு பரிந்துரைக் கடிதம் தட்டச்சு செய்துவைத்திருந்தார். கையெழுத்து மட்டும் பாக்கி. "இந்த ஆய்வு முடியட்டும், அதையும் சேர்த்து எழுதி அனுப்பிடறேன்" என்றிருந்தார். கணவரின் வேன் வேலையும் அடுத்த வருஷத்தோடு முடிகிறது. வீட்டில் அந்தக் கடிதத்தைப் பற்றி இருவரும் அதிகம் பேசவில்லை, நினைக்காமலும் இல்லை.

'இந்த ஆய்வு' என்றது, சராசரி என்று துறையில் எல்லாரும் கூப்பிடுகிறவருடையது. முப்பது வயது ஆராய்ச்சி மாணவர். எதைக் கேட்டாலும் "சராசரியா பாத்தா" என்றுதான் ஆரம்பிப்பார். மதியம் சாப்பிட்டாரா என்று கேட்டாலும்கூட. அவர் ஆய்வு எளிமையானது. அறுபது பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிப்பது. முப்பது பேர் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் மூச்சுப் பயிற்சி செய்வார்கள். மற்ற முப்பது பேர் அதே நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு எல்லாருக்கும் ஒரே தாள்: ல, ள, ழ என்ற மூன்றெழுத்தும் கலந்து எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்த பக்கம். மூன்று நிமிஷத்தில் 'ழ' எல்லாவற்றையும் அடிக்க வேண்டும். விட்டுப்போனவை பிழை. பயிற்சி செய்தவர்களுக்குப் பிழை குறைந்தால் சராசரிக்கு முனைவர் பட்டம்.

ஆட்களை உள்ளே அழைத்து உட்காரவைத்துத் தாள் வாங்குவது சோதனையக்காவின் வேலை. சராசரி அவளுக்கு ஒரு வழிமுறைத் தாள் கொடுத்திருந்தார். முதல் குழுவுக்கு: ஒலிக்கருவியை மாட்டிவிட்டு வெளியேறவும். இரண்டாம் குழுவுக்கு: பங்கேற்பாளரைப் பத்து நிமிடம் சும்மா இருக்கச் செய்யவும். அவள் இரண்டையும் எழுத்துப் பிசகாமல் செய்தாள்.

முடிவு வந்தது. பயிற்சி செய்தவர்களுக்கு ஆளுக்கு எட்டுப் பிழை. சும்மா இருந்தவர்களுக்குப் பதினாறு.

"அக்கா, இரண்டு மடங்கு! இப்படி வித்தியாசம் யாருக்கும் வந்ததில்ல" என்று சராசரி துள்ளினார்.

மேடம் துள்ளவில்லை. எண்களை எடுத்துப் பக்கத்தில் இன்னொரு காகிதத்தை வைத்தார். "போன வருஷம் எதுவுமே செய்யாம, வந்த உடனே இதே தாள நாப்பது பேருக்குக் கொடுத்தோம். ஒன்பது பிழை. அப்போ உங்க மூச்சுப் பயிற்சி ஒண்ணும் பெருசா செய்யல. சும்மா இருந்தவங்கதான் கெட்டுப்போயிருக்காங்க. பத்து நிமிஷம் உக்காந்திருந்தா மூளை துரு பிடிக்குமா? எங்கயோ ஓட்டை இருக்கு. கண்டுபிடிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் எந்தக் காகிதமும் இங்கேருந்து போகாது."

எந்தக் காகிதமும் என்றால் எது எது என்று அறையில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து ஆய்வகத்தில் காற்றே மாறிப்போனது. சராசரி அவளைக் கடைக்கண்ணால் பார்த்தார்: இந்த அம்மா வாயை விட்டிருக்குமோ, வந்தவர்களிடம் எதையாவது உளறியிருக்குமோ. அவள் சராசரியின் கையைப் பார்த்தாள். தாள்களைத் திருத்தியவர் அவர். மேல்மூலையில் 'அ', 'ஆ' என்று குழுவின் அடையாளம் இருந்தது. பட்டத்துக்குப் பறக்கிற கை, ஒரு 'ழ'வைக் கூடவோ குறையவோ எண்ணுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நல்ல பிள்ளைதான். நலம் விசாரிக்கிற பிள்ளைதான். அதுதான் பயமாக இருந்தது.

அறுபது தாளையும் எடுத்தாள். மேல்மூலையிலும் அவர் எழுதிய எண்ணின் மேலும் காகிதத் துண்டு ஒட்டி மறைத்தாள். கலைத்துப் போட்டு, மூன்று நாள் மதிய இடைவேளையில் தானே எண்ணினாள். பிறகு துண்டுகளைப் பிரித்துப் பார்த்தாள். அங்கொன்று இங்கொன்று தவிர எல்லாம் அவர் எழுதியபடியே இருந்தது. அவளுக்கு நிம்மதிக்கு முன்னால் ஏமாற்றம்தான் வந்தது. கை சுத்தம் என்றால் ஓட்டை வேறு எங்கே?

தாள்களை அடுக்கும்போதுதான் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே கடைசியாக ஒரு வரி இருக்கும்: 'சொல்ல விரும்புவது ஏதேனும் இருந்தால்.' பெரும்பாலும் காலியாக விடுவார்கள். சராசரி அதைப் படித்ததில்லை. எண் இல்லாததை அவர் படிக்க மாட்டார். அவளும் இதுவரை படித்ததில்லை.

பயிற்சி செய்த 'அ' குழுவில், 'குரல் இனிமை', 'பேனா எழுதவில்லை.'

'ஆ' குழுவில் முதல் தாள்: 'அந்த அம்மா ஏன் முறைத்தார்கள் என்று தெரியவில்லை.' அடுத்தது: 'காலை ஆட்டியது தப்பா?' இன்னொன்று: 'நான் அங்கிருந்து எதையும் எடுக்கவில்லை.'

கடைசியைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. முப்பது பேரில் பதினொரு பேர் அவளைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

வழிமுறைத் தாளை எடுத்து மறுபடி படித்தாள். சும்மா இருக்கச் செய்யவும். விட்டுவிடு, அவர்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கட்டும் என்று சராசரி நினைத்து எழுதியது. அவள் வாங்கிக்கொண்டது வேறு. ஆளைச் சும்மா இருக்க வைக்க வேண்டும், அது வேலை. அதனால் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். செல்போனை எடுத்தால் "சும்மா இருங்க" என்றாள். ஜன்னலைப் பார்த்தால் "சும்மா இருங்க" என்றாள். பெருமூச்சு விட்டவரைக்கூட ஒரு பார்வை பார்த்தாள். பத்தொன்பது வருஷம் வாசலில் பழகிய பார்வை. முதல் குழுவுக்கு ஒலிக்கருவியை மாட்டிவிட்டு வெளியே போய்விட்டாள். ஆக, ஒரு பக்கம் மூச்சுப் பயிற்சி, இன்னொரு பக்கம் சோதனையக்கா. சும்மா இருந்தவர் யாருமே இல்லை.

சராசரியிடம் போய்ச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது.

"அக்கா, இது உங்க ஊகம். சராசரியா பாத்தா நாலு பேரு அப்படித்தான் எழுதுவாங்க."

"பதினொரு பேரு தம்பி."

"உங்களுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அறைக்குள்ள இருந்தது நீங்க மட்டும்தான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம் மேஜையில உங்க கடிதம் இருக்குக்கா. அதையும் யோசிங்க."

அது அக்கறையா மிரட்டலா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. ஒருவேளை அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

"ஊகம்னு சொல்றது சரிதான்" என்றாள். "பாத்துட்டா போச்சு. பேர் கொடுத்துட்டு கூப்பிடாம விட்டவங்க பன்னிரண்டு பேரு இருக்காங்கல்ல?"

"என்னவோ பண்ணுங்க. எங்கிட்ட கேக்காதீங்க."

ஆறு சீட்டில் 'உள்ளே', ஆறில் 'வெளியே' என்று எழுதி ஒரு காலிப் பேனா டப்பாவில் போட்டுக் குலுக்கினாள். பன்னிரண்டு பேரிடமும் வழக்கமான சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினாள். எல்லாருக்கும் ஒரே வேலை, சும்மா இருப்பது. 'உள்ளே' வந்தால் பழையபடி எதிரே உட்கார்ந்து பார்த்தாள். வேண்டுமென்றே குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. அப்படித்தான் அவள் நினைத்தாள். 'வெளியே' வந்தால் கதவைச் சாத்திவிட்டு நடையில் நின்றாள். முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொன்னாள். கணக்குப் படிக்கிற ஒரு மாணவர் மட்டும் நம்பவில்லை. "இதுவும் சோதனைதானே? நான் எப்படி எடுத்துக்கறேன்னு பாக்கறீங்கதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவரை அவளுக்குப் பிடித்திருந்தது.

தாள்களை அவளே எண்ணக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடையாளங்களை மறைத்துக் கணவர் முன்னால் வைத்தாள்.

"வண்டியில முப்பது பிள்ளைங்கள எண்ணி எண்ணியே கண்ணு போச்சு. இப்ப 'ழ' வேறயா?"

"பிள்ளைங்க ஓடும். இது ஓடாது. எண்ணுங்க."

"எந்தத் தாளு எதுன்னாவது சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"கட்டின புருஷன்கிட்டயே மறைக்கிறியா?"

"உங்ககிட்டதாங்க முக்கியமா மறைக்கணும். தெரிஞ்சா எனக்குச் சாதகமா எண்ணிடுவீங்க."

"எது உனக்குச் சாதகம்?"

அவள் தாள்களை அவர் பக்கம் நகர்த்தினாள். இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை என்று வந்தால் ஓட்டை வேறெங்கோ, அவள் கடிதம் தப்பிக்கும். வித்தியாசம் வந்தால் ஓட்டை அவள்தான். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பன்னிரண்டு தாளையும் இரண்டு தடவை எண்ணினார்.

அவள் உள்ளே இருந்தபோது பதினைந்து பிழை. வெளியே நின்றபோது ஒன்பது.

திங்கட்கிழமை மேடத்தின் மேஜையில் எல்லாவற்றையும் வைத்தாள்: அறுபது தாள், பன்னிரண்டு தாள், சீட்டுகள், டப்பா. மேடம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார்.

"யாரு எண்ணினது?"

"எங்க வீட்டுக்காரர். எது எதுன்னு அவருக்குத் தெரியாது."

"சீட்ட யாரு எடுத்தது?"

"வந்தவங்களே."

"உள்ள இருக்கும்போது கொஞ்சம் கூடுதலா முறைச்சிருக்கலாமே? உங்க ஊகம் ஜெயிக்கணும்னு?"

"தோக்கணும்னுதான் மேடம் வேண்டிக்கிட்டேன். ஆனா என் கண்ணு என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியாது. பன்னிரண்டு பேரு பத்தாது."

மேடம் சாய்ந்து உட்கார்ந்தார். "பத்தாது. நாப்பது பேர வச்சுத் திரும்பச் செய்யணும். தாள் வாங்கறது ஒருத்தர், எண்ணறது ஒருத்தர். உங்க வேலை உள்ள உக்கார்றது இல்லன்னா வெளிய நிக்கறது, அவ்வளவுதான். கடிதத்த அது முடிஞ்சதும் பாக்கலாம்."

சோதனையக்கா எழுந்திருக்கவில்லை.

"அப்படி வேணாம் மேடம்."

"எப்படி?"

"கடிதம் முடிவுக்காகக் காத்திருந்தா, நான் உள்ள உக்காரும்போது அது என் மடியில உக்காந்திருக்கும். முறைக்கவும் பயம், முறைக்காம இருக்கவும் பயம். அனுப்பறதுன்னா இப்பவே அனுப்பிடுங்க. இல்லன்னா இப்பவே கிழிச்சுடுங்க. அப்புறம் நாப்பது பேர கூப்பிடலாம்."

மேடம் அவளை உற்றுப் பார்த்தார். "கையெழுத்து வாங்கறதுக்கு இது நல்ல தந்திரமா இருக்கே."

"இருக்கலாம் மேடம். அதான் கிழிச்சாலும் சரின்னேன்."

"கிழிக்க மாட்டேன்னு தெரிஞ்சுதானே சொல்றீங்க?"

அவளும் அதைத்தான் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேடம் இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்தார். ஒரு தடவை படித்தார். 'நம்பிக்கையானவர்' என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே பேனாவால் 'சந்தேகப்படத் தெரிந்தவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு உறையில் போட்டார். குமாஸ்தாவைக் கூப்பிட்டு அப்போதே தபாலில் சேர்க்கச் சொன்னார்.

"இனி உங்களுக்குப் போறதும் இல்ல, வர்றதும் இல்ல. நாப்பது பேர கூட்டிட்டு வாங்க."

நாற்பது பேரில் கிடைத்தது, அவள் உள்ளே இருந்தபோது பதின்மூன்று பிழை, வெளியே நின்றபோது பத்து. வித்தியாசம் உண்டு, அவள் முதலில் கண்ட ஆறு அல்ல, மூன்று. பன்னிரண்டு பேரில் மிச்ச மூன்று எங்கிருந்து வந்தது, தற்செயலா, தன் கண்ணா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. சராசரியின் முதல் ஆய்வு குப்பைக்குப் போனது. ஒரு வருஷம் கூடுதல் அவகாசம் வாங்கிக்கொண்டு, கண்காணிக்கப்படுகிறவர்கள் செய்யும் பிழைகள் என்று புதுத் தலைப்பில் ஆரம்பித்தார். இரண்டு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதில் அவளுக்கு வருத்தம் இருந்தது, குறை இல்லை.

நியமன ஆணை, அவள் விடுப்பில் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் வீட்டுக்கு வந்தது. கணவர் வேனை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"நிரந்தரமா?"

"இருங்க." உறையின் முத்திரையைப் பார்த்தாள். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். தன் பெயரின் முதலெழுத்து சரியா என்று பார்த்தாள். கையெழுத்தின் வாலைப் பார்த்தாள்.

"என்னம்மா, படிக்கத் தெரியலயா? நான் படிக்கவா?"

"படிச்சுட்டேன்."

"அப்புறம்?"

அவள் தொலைபேசியை எடுத்து, காகிதத்தின் தலைப்பில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, அலுவலகத்தின் பொது எண்ணுக்கு அடித்தாள்.

"வணக்கம்ங்க. எனக்கு ஒரு ஆர்டர் வந்திருக்கு. இத நீங்கதான் அனுப்பினீங்களா?"